ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறீங்களா, மொதல்ல ராத்திரி பஸ்ஸ பிடிங்க

2024 ஆடி மாசம் தேவனாம்பட்டினம் பீச்ல (வெளியூர்க்காரங்களுக்கு சில்வர் பீச்) சுண்டல் பொட்டலத்தோட உக்காந்து நானும் என் ஃப்ரெண்டும் ஒரு பிளான் போட்டோம். கடலூர், பாண்டி, விழுப்புரம், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டின்னு எல்லா ஊருக்கும் பஸ் டைம் காட்டுற ஆப்பு, ஓபன் சோர்ஸ், யார் வேணாலும் எடுத்து மாத்திக்கலாம். லைவ் டிராக்கிங், சீட் இருக்கா இல்லையா, டிக்கெட் ரேட்டு, கடைசில பிரெஞ்சு மொழி கூட லிஸ்ட்ல ஏறிடுச்சு, பாண்டிதானடா போட்டு வைன்னான். அன்னிக்கு ராத்திரியே ஸ்ப்ரெட்ஷீட் ரெடி, 63 வரி, கலர் கலரா. ரெண்டு மாசம் கழிச்சு தொறந்து பாத்தா பச்சைக் கலர் ஆனது நாலே நாலு, அதுல ஒண்ணு லோகோ.

இப்ப அந்த ஆப்பு ஓடுது, சின்னதா ஓடுது, ஆனா நெஜமாவே சில பேர் அத நம்பி பஸ் ஸ்டாண்டுக்கு கெளம்புறாங்க. அந்த 63 வரிலேருந்து இங்க வர்றதுக்கு என்னென்ன பண்ணோம்னு எழுதுறேன், நீங்க வேற எதாவது பண்ணிட்டிருப்பீங்க, மீன் வெல ஆப்போ தமிழ் ஃபான்ட்டோ எதுவா இருந்தாலும் ஆரம்பத்துல மாட்டுற எடம் ஒண்ணுதான்.

மொதல் வேலை, உங்ககிட்ட எவ்ளோ நேரம் இருக்குன்னு கணக்கு போடுங்க. ஆசைய சேக்காம. எனக்கு பாண்டில வேலை, டெய்லி கடலூர்லேருந்து போயிட்டு வரேன், வீட்டுக்கு வந்து லேப்டாப் தொறக்குற மூட் இருக்காது. சனிக்கிழமை ராத்திரி 3 மணி நேரம் எனக்கு, ஞாயித்துக்கிழமை காலைல 2 மணி நேரம் அவனுக்கு, மொத்தம் 5. 63 வரி, வரிக்கு 8 மணி நேரம்னு ரொம்ப கம்மியா வச்சாலே 504 மணி நேரம், அஞ்சால வகுத்தா 100 வாரம், அதாவது ரெண்டு வருஷம் எவனுக்கும் கல்யாணம் காதுகுத்து ஜுரம் எதுவும் வராம இருந்தா. இத டீக்கடைல கால்குலேட்டர்ல போட்டு காட்டினேன், அவன் டீய வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் யாருக்காக பண்றோம்னு ஒரு ஆள காட்டணும், "பொதுமக்கள்"னு எழுதினா செல்லாது, ஒரே ஒரு ஆள், போன் பண்ணி கேக்கக்கூடிய ஆள். எங்களுக்கு எங்க தெருவுல ஒரு அக்கா, பாண்டில ஒரு ஆஸ்பத்திரில நர்ஸு, ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவங்ககிட்ட ஆசையா ஸ்க்ரீன் டிசைன் எல்லாம் காட்டி, காலைல 9 மணிக்கு இந்த பஸ், 9:04-க்கு இந்த பஸ்னு வரும்க்கான்னு சொன்னேன். அவங்க சிரிச்சுட்டாங்க. "பகல்ல டைமு எதுக்குப்பா, போய் நின்னா பஸ்ஸு வருது. ராத்திரி பத்து மணிக்கு மேல எது இருக்கு எது இல்லன்னு சொல்லு, அதுதான் தெரியாம முழிக்கிறேன்."

அவங்க சொன்னது சரிதானே, கடலூர் பாண்டி ரூட்ல பகல்ல கவர்மெண்ட் பஸ்ஸு பிரைவேட் பஸ்ஸுன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வந்துட்டே இருக்கும், டெய்லி அதுலயே போற எனக்கு இது தெரியாதா, தெரியும், ஆனா பிளான் போடும்போது தோணல. அந்த ஒரு பேச்சுல ஸ்ப்ரெட்ஷீட்ல 50 வரிக்கு மேல செத்துப்போச்சு. மிச்சம் நின்னது ஒரே வாக்கியம், அதத்தான் ரீட்மீ ஃபைல்ல (ப்ராஜெக்ட்ட தொறந்தா மொதல்ல கண்ணுல படுற அறிமுகம்) மொத வரியா போட்டோம்: கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல ராத்திரி 9 மணிலேருந்து காலைல 5 மணி வரைக்கும் எந்த பஸ் எப்ப கெளம்புதுன்னு நெட் இல்லாம காட்டும். உங்க ப்ராஜெக்ட்டுக்கு இந்த மாதிரி ஒரு வரி எழுதிப் பாருங்க. "மற்றும்" ரெண்டு தடவ வந்துச்சுன்னா இன்னும் வெட்டணும்.

வெட்டினத அழிச்சிடாதீங்க. "இப்ப இல்ல"ன்னு ஒரு ஃபைல் வச்சு அதுல போடுங்க, ஏன் இப்ப இல்லன்னு அரை வரி சேத்து. லைவ் டிராக்கிங்: பஸ்ல ஜிபிஎஸ் டேட்டா நம்ம கைல இல்ல. டிக்கெட் ரேட்டு: மாறினா அப்டேட் பண்ண ஆள் இல்ல. பிரெஞ்சு: கேட்ட ஆள் யாரும் இல்ல. ப்ராஜெக்ட் கொஞ்சம் வெளிய தெரிஞ்சதும் ஆளாளுக்கு வந்து இத ஏன் பண்ணல அத ஏன் பண்ணலன்னு கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் டைப் பண்ணிட்டு இருந்தா உங்க 5 மணி நேரம் அதுலயே போயிடும், அந்த ஃபைலோட லிங்க்க குடுத்துட்டு போயிட்டே இருக்கலாம்.

பேரு வைக்கிறதுல மாட்டிக்காதீங்க, நாங்க மூணு வாரம் அதுக்கே சண்ட போட்டோம், இன்னும் பேரு இல்ல, ராத்திரி பஸ்னுதான் சொல்றோம்.

கோடு எழுதுறதுக்கு முன்னாடி லைசென்ஸ். சும்மா ரிப்போவ (கோடு எல்லாம் வச்சிருக்கிற ஆன்லைன் ஃபோல்டர்) பப்ளிக்கா போட்டா அது ஓபன் சோர்ஸ் ஆயிடாது, லைசென்ஸ் ஃபைல் இல்லன்னா காப்பிரைட் சட்டப்படி எல்லா உரிமையும் உங்ககிட்டதான் இருக்கு, பாக்குறவங்க பாக்கலாம், எடுத்து மாத்தி வெளியிட உரிமை கெடையாது. லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டமே கூட ஆரம்பத்துல காசுக்கு விநியோகம் பண்ணக் கூடாதுன்னு சொல்ற ஒரு சொந்த லைசென்ஸ்லதான் வந்துச்சு, 1992-லதான் ஜிபிஎல்னு ஒரு ஓபன் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறுச்சு. ஆள் கம்மியா இருக்கும்போதே இந்த முடிவ எடுத்துடுங்க, பின்னாடி 20 பேர் கோடு குடுத்தப்புறம் மாத்தணும்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் வாங்கணும், அதுல ரெண்டு பேரு போன் நம்பர் மாத்தியிருப்பான்.

டேட்டாவுக்கும் இதே கதைதான், இத நெறைய பேர் விட்டுடுறாங்க. கூகுள் மேப்ஸ பாத்து ஸ்டாப் இருக்கிற எடத்த காப்பி அடிக்காதீங்க, அவங்க விதிமுறை அதுக்கு ஒத்துக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (எல்லாரும் சேந்து போடுற மேப்) எடுக்கலாம், ஆனா அது ஓடிபிஎல்னு வேற லைசென்ஸ், எங்கேருந்து எடுத்தோம்னு பேர் போடணும், அந்த டேட்டாவ நீங்க கூட்டி கொறச்சு வெளியிட்டா அதையும் அதே லைசென்ஸ்லதான் குடுக்கணும். அதனால கோடு ஒரு ஃபோல்டர், டேட்டா தனி ஃபோல்டர், ஒவ்வொண்ணுக்கும் தனி லைசென்ஸ் ஃபைல். அரை மணி நேர வேலை. டைம் எல்லாம் நாங்களே பஸ் ஸ்டாண்ட்ல கண்டக்டர் அண்ணன்கள்ட்ட கேட்டு நோட்டுல எழுதினதுதான்.

சரி, இப்ப வேலைய துண்டு போடுறது. இதுலதான் நான் ரொம்ப நாள் தப்பு பண்ணேன். "சர்ச் வசதி"ன்னு ஒரு இஷ்யூ (பண்ண வேண்டிய வேலைக்கு ஒரு சீட்டு மாதிரி) போட்டேன், அது ஆறு வாரம் தொறந்தே கெடந்துச்சு, ஏன்னா அது எப்ப முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது, எவ்ளோ பண்ணாலும் இன்னும் கொஞ்சம் பண்ணலாம். அத ஒடச்சு சின்ன சின்னதா போட்டோம். அதுல ஒண்ண மட்டும் பக்கத்துல வச்சு காட்டுறேன்.

கன்னியக்கோயில்னு ஒரு ஸ்டாப், கடலூர்லேருந்து போகும்போது ரெட்டிச்சாவடி தாண்டி பாண்டி எல்லைக்குள்ள நொழஞ்ச ஒடனே வரும். என் போன்ல டைப் பண்ணா வருது, அக்கா போன்ல டைப் பண்ணா "எதுவும் கிடைக்கவில்லை"னு வருது. ஒரே எழுத்து, ஒரே ஸ்பெல்லிங், ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு பாத்தா அச்சு அசல் ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டு ராத்திரி போச்சு. விஷயம் என்னன்னா, யூனிகோட்ல (கம்ப்யூட்டர்ல எல்லா எழுத்துக்கும் நம்பர் குடுக்குற முறை) "கோ"வ ரெண்டு விதமா எழுதலாம். க போட்டு அதுக்கப்புறம் ஓகாரக் குறிய ஒரே குறியா போடலாம், இல்லன்னா க, ரெட்டைக் கொம்பு, கால்னு தனித்தனியா போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. சில கீபோர்டு இப்படி அனுப்பும், சிலது அப்படி அனுப்பும், எங்க டேட்டா ஃபைல்ல ஒரு வகை, அக்கா போன்லேருந்து வந்தது இன்னொரு வகை. சரி பண்றது சுலபம், தேடுற வார்த்தையையும் டேட்டாவையும் ரெண்டையுமே என்எஃப்சின்னு சொல்ற நார்மலைசேஷன்ல போட்டு, அதாவது ஒரே விதமா மாத்திட்டு, அப்புறம் கம்பேர் பண்ணணும், கோடுல ஒரே வரி. நோணாங்குப்பமும் அதோட சேந்து சரியாச்சு.

நான் சொல்ல வர்றது, அந்த இஷ்யூவ இப்படி எழுதியிருந்தோம்: "அக்கா போன்ல கன்னியக்கோயில் டைப் பண்ணா வரணும்." அவ்ளோதான். எங்க தப்புன்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு ராத்திரி, முடிஞ்சுதா இல்லையான்னு கேட்டா அவங்க போன வாங்கி டைப் பண்ணா போதும், வாதம் பண்ண எடமே இல்ல. ஒவ்வொரு இஷ்யூவும் ஒரு உக்காறல்ல முடியணும், முடிஞ்சத வேற ஒரு ஆள் கையால தொட்டுப் பாக்கணும். ஒரு உக்காறல்ல முடியலன்னா ரெண்டா ஒடைங்க, அதுலயும் முடியலன்னா அது உங்களுக்கே இன்னும் புரியலன்னு அர்த்தம், "இது என்னன்னு பாக்குறது"ன்னே ஒரு இஷ்யூ போட்டு 2 மணி நேரத்துக்கு மேல போகாதீங்க.

இன்னொண்ணு, சொந்தமா ஃபார்மட் கண்டுபிடிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு, விட்டுடுங்க. பஸ் டைமுக்கு ஜிடிஎஃப்எஸ்னு ஒரு பொது ஃபார்மட் ஏற்கனவே இருக்கு, 2005 வாக்குல அமெரிக்காவுல போர்ட்லேண்ட் ஊரு பஸ்ஸுக்காக கூகுளோட சேந்து ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூரா இருக்கு, உள்ள பாத்தா சாதா டெக்ஸ்ட் ஃபைலுங்கதான். ராத்திரி பஸ்ஸுக்கு அதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ராத்திரி 11:30-க்கு கெளம்பி 12:10-க்கு போய் சேர்ற பஸ்ஸ எப்படி எழுதுவீங்க? 00:10-னு எழுதினா கெளம்புறதுக்கு முன்னாடியே போய் சேந்துட்ட மாதிரி ஆயிடும். ஜிடிஎஃப்எஸ்ல 24:10-னு எழுதணும், 25 மணி கூட உண்டு. என் சொந்த ஃபார்மட்ல இந்த பஸ்ஸுக்குத்தான் ஒரு முழு சனிக்கிழமை செலவழிச்சிருந்தேன், வேற யாரோ எப்பவோ யோசிச்சு வச்சுட்டாங்க.

முன்னேத்தத்த எப்படி அளக்குறது? பர்சன்டேஜ் வேணாம், "70% முடிஞ்சது"ன்னு சொல்றவன நான் நம்ப மாட்டேன், நானே சொன்னாலும். கமிட் (கோடுல பண்ணி சேமிக்கிற ஒவ்வொரு மாத்தம்) எண்ணிக்கையும் வேணாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு வரி எழுதுறோம், ரிப்போக்குள்ளயே ஒரு ஃபைல்ல, தேதி போட்டு. இந்த வாரம் ஒரு ஆளால புதுசா என்ன பண்ண முடியுது, எது நின்னுடுச்சு ஏன் நின்னுச்சு, அடுத்த வாரம் எந்த ஒண்ணு. எங்க ஃபைல்லேருந்து ஒரு வாரம் அப்படியே: "பாண்டி பஸ் ஸ்டாண்ட்லேருந்து கெளம்புற ராத்திரி பஸ்ஸெல்லாம் ஆஃப்லைன்ல தெரியுது, அக்கா செவ்வாய்க்கிழமை பாத்துட்டு வீட்டுக்கு வந்தாங்க. அரியாங்குப்பம் டைம் நின்னுடுச்சு, நடுவுல இருக்கிற ஸ்டாப்புக்கு யாருகிட்டயும் டைம் இல்ல, குத்துமதிப்பா போட வேணாம்னு முடிவு. அடுத்த வாரம் கடலூர்லேருந்து கெளம்புறது."

மொத வரி ரெண்டு வாரம் தொடந்து காலியா இருந்தா ஏதோ பெருசா எடுத்துட்டோம்னு அர்த்தம், ஒடைங்க. ஒரு வாரம் "ஒண்ணும் பண்ணல, மச்சினி கல்யாணம்"னு எழுதியிருக்கேன். எழுதிடணும். அப்பதான் மூணு மாசம் கழிச்சு உங்க நெஜ வேகம் என்னன்னு தெரியும், அடுத்த பிளான அந்த வேகத்துல போடுவீங்க.

தேதி குடுக்காதீங்க, குடுத்தே ஆகணும்னா மாசம்னு சொல்லுங்க. நாங்க 0.1-ங்கிற மொத வெர்ஷன வெளியிட 2024 நவம்பர் 30-னு பெருமையா போட்டு வச்சிருந்தோம், அன்னிக்கு ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரையக் கடந்துச்சு. பாண்டில மழை கொட்டித் தீத்துடுச்சு, அப்புறம் தென்பெண்ணைல வெள்ளம், எங்க ஏரியால கரண்ட் இல்ல, என் ஃப்ரெண்டு நோட்டு புத்தகத்துல எழுதி வச்சிருந்த டைமெல்லாம் நனஞ்சு மை எறங்கிப்போச்சு. நல்ல வேளையா பாதிய ஏற்கனவே டைப் பண்ணி ரிப்போவுக்கு புஷ் பண்ணியிருந்தான். மீதிக்கு மறுபடி பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு ராத்திரி நின்னோம். அன்னிலேருந்து ஒரு பழக்கம், நோட்டுல எழுதினா வீட்டுக்கு வர்றதுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிடணும்.

0.1 டிசம்பர் கடைசில வந்துச்சு. வெர்ஷன் நம்பர் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம், 0-ல ஆரம்பிக்கிற வரைக்கும் எது வேணாலும் மாறும்னுதான் அர்த்தம், அந்த சுதந்திரத்த வேகமா விட்டுடாதீங்க. லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25-ல ஒரு பொழுதுபோக்குக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிட்டிருக்கேன், உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதினாரு, அடுத்த மாசமே 0.01, அது பாதி வெந்ததுதான், ஆனா வெளிய வந்துடுச்சு. 1.0 வந்தது 1994 மார்ச். லினக்ஸுக்கு ஒரு வருஷம் முன்னாடி 1990-லயே, ரொம்ப அழகான டிசைனோட ஆரம்பிச்ச குனு ஹர்டுன்னு இன்னொரு ஓபன் சோர்ஸ் சிஸ்டம் இருக்கே, அது 2016-ல 0.9 வந்துச்சு, 1.0 இன்னும் வரல. ஹர்டு ஆளுங்க திறமை கொறஞ்சவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பாதி வெந்தத பந்தில வைக்க அவங்களுக்கு மனசு வரலயோன்னு தோணும்.

மொத மொத வெளியாள் ஒருத்தர் கோடு அனுப்பும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதுல ஏமாந்துடாதீங்க. கடலூர்ல காலேஜ் படிக்கிற ஒரு தம்பி, "அண்ணா ஒரு பிஆர் போட்டிருக்கேன் பாருங்கண்ணா"ன்னு மெசேஜ். பிஆர்னா தான் எழுதின கோட சேத்துக்கச் சொல்லி அனுப்புறது. தொறந்தா 900 வரி, டார்க் மோடு, அனிமேஷன், மெனுவெல்லாம் எடம் மாறிப்போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அத சேத்தா அத காப்பாத்துறதும் எங்க 5 மணி நேரத்துலதான். எனக்கு வேணாம்னு சொல்ல சங்கடமா இருந்ததால பத்து நாள் பதிலே போடல, அதுதான் பெரிய தப்பு, வேணாம்னு சொன்னா கூட தாங்கிக்குவாங்க, பதில் வரலன்னா திரும்பி வர மாட்டாங்க. கடைசில போன்ல பேசினேன். டார்க் மோடு மட்டும் தனியா குடு தம்பி, ராத்திரி ஆப்பு, கண்ணு கூசாது, நெஜமாவே தேவைதான், மத்தத இப்ப இல்ல ஃபைல்ல உன் பேரோட போட்டு வைக்கிறேன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அண்ணா"ன்னான். அப்புறம்தான் நாலு சின்ன இஷ்யூவுக்கு "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" (புதுசா வர்றவங்க மொதல்ல எடுக்கலாம்னு) லேபிள் ஒட்டி வச்சோம், எந்த ஃபைல தொறக்கணும், முடிஞ்சா எப்படி தெரியும்னு எழுதி. இப்ப அந்த தம்பிதான் பாண்டி பக்கத்து டேட்டா முழுக்க பாத்துக்கிறான்.

பஸ் ஃபேக்டர்னு ஒரு கணக்கு இருக்கு, எத்தன பேர் மேல பஸ் ஏறினா ப்ராஜெக்ட் நிக்கும்னு. பஸ் ஆப்பு பண்ற நாங்க இத வச்சு அடிச்ச ஜோக்குக்கு அளவே இல்ல, ஆனா எங்களோடது 1, நான் மட்டும்தான். ஆண்ட்ராய்டு ஆப்ப சைன் பண்ற கீ (ஆப்பு நம்மகிட்டேருந்துதான் வருதுன்னு காட்டுற டிஜிட்டல் முத்திரை) என் லேப்டாப்ல ஒரே ஒரு எடத்துல இருந்துச்சு. நீங்களே ஏபிகே (ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) சைன் பண்ணி குடுக்குறீங்கன்னா அந்த கீ தொலைஞ்சா அதே ஆப்புக்கு அப்டேட் ஏறாது, எல்லாரையும் அழிச்சுட்டு புதுசா போடச் சொல்லணும். பேக்கப் ரெண்டு எடத்துல வைங்க, ரிப்போவுக்கு ரெண்டாவது அட்மின் ஒருத்தர மொத மாசமே போடுங்க. கிட்ட (கோடுல பண்ற மாத்தத்தெல்லாம் கணக்கு வைக்கிற கிட்ங்கிற வெர்ஷன் கண்ட்ரோல் சாஃப்ட்வேர்) 2005 ஏப்ரல்ல ஆரம்பிச்ச லினஸ், அதே வருஷம் ஜூலைலயே ஜூனியோ ஹமானோகிட்ட குடுத்துட்டு லினக்ஸ் வேலைக்கு திரும்பிப் போயிட்டாரு, ஹமானோதான் 20 வருஷமா நடத்திட்டு வராரு.

கடைசியா, விடுறதையும் பிளான்ல எழுதுங்க. எங்க ரீட்மீல கீழ ஒரு வரி இருக்கு: மூணு மாசம் யாரும் டைம் சரிபாக்கலன்னா ஆப்பு மேலயே செவப்புல "இந்த டைம் பழசு"ன்னு தானா காட்டும், ஆறு மாசம் ஆச்சுன்னா ரிப்போவ ஆர்க்கைவ் பண்ணிடுவோம், அப்புறம் யாரும் மாத்த முடியாது, பாக்கவும் எடுத்துக்கவும் மட்டும் முடியும். தப்பான டைம நம்பி ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் பாண்டி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கக் கூடாது. இந்த வரிய சேக்கச் சொன்னதும் அந்த அக்காதான். போன மாசம் டூட்டி முடிஞ்சு வரும்போது ஒரு பஸ் வரலன்னு போன் பண்ணாங்க, அந்த டைம் எடுத்தாச்சு, அடுத்த ரிலீஸ்ல அது ஒண்ணுதான் இருக்கு.